ஊசி சரி, ஓய்வு எங்கே?

தென் அந்தமானில் தென்னையும் கமுகும் முக்கியத் தோட்டப் பயிர்கள். சௌல்தாரி போன்ற கிராமத்தில் தேங்காயும் பாக்கும் உரித்துப் பிழைப்பவருக்கு மூலதனமே மணிக்கட்டுதான். அது கட்டைவிரல் பக்கம் வீங்கி, எதையாவது பிடித்துத் திருகினால் உயிர் போகிறாற்போல வலித்தால், பெரும்பாலும் சுவிஸ் அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி குவர்வெய்ன் 1895இல் விவரித்த கோளாறாக இருக்கும். கட்டைவிரலை அசைக்கும் இரு தசைநாண்கள் ஓடும் உறை தடித்து, அவற்றை நெருக்குகிறது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் இது வருவதுண்டு.

இதற்கு ஸ்டீராய்டு ஊசி நல்ல வைத்தியம். பலருக்கு ஓரிரு ஊசியிலேயே குணமாகிவிடுகிறது. கத்தி வைக்க வேண்டியதில்லை. ஆனால் அபூர்வமாக, ஊசி போட்ட பிறகு நாண் அறுந்துபோவதும் உண்டு. வீக்கத்தை அடக்கும் அதே மருந்து, நாணுக்கு உறுதி தரும் கொலாஜன் உற்பத்தியையும் குறைக்கிறது. மருந்து உறைக்குள் சேராமல் நாணுக்குள்ளேயே இறங்கினால் ஆபத்து அதிகம். அதனால்தான், மருந்து இறங்கச் சிரமப்பட்டால் டாக்டர்கள் அழுத்தாமல் ஊசியைச் சற்றே பின்னுக்கு இழுக்கிறார்கள். திரும்பத் திரும்ப ஊசி போடவும் தயங்குகிறார்கள்.

இன்னொரு காரணம் வலி மறைவது. வலி ஒரு காவல்காரன். ஊசி அவனைத் தூங்க வைத்துவிடுகிறது; நாணோ இன்னும் தேறியிருக்காது. வலி போயிற்றே என்று மறுநாளே பாரம் தூக்கினால் பலவீனமான நாண் தாங்காது.

அறுந்தது கட்டைவிரலை நீட்டும் நீண்ட நாண் என்றால், உள்ளங்கையை மேசையில் பதித்து கட்டைவிரலை மட்டும் மேலே தூக்க முடியாது. வலி பெரிதாக இல்லாமலும் இருக்கலாம். அறுந்த முனைகள் நைந்திருப்பதால் நேராகத் தைப்பது பெரும்பாலும் முடியாது. ஆள்காட்டி விரலை நீட்டும் இரு நாண்களில் ஒன்றை எடுத்து இங்கே பொருத்துகிறார்கள். அதன்பின் பல வாரம் கட்டும் பயிற்சியும்.

ஆகவே ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை சில: இதே இடத்தில் இது எத்தனையாவது ஊசி? கைக்குப் பட்டை போட வேண்டுமா? எத்தனை நாள் கனமான வேலை கூடாது? சர்க்கரை நோயாளியானால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். சில நாள் சர்க்கரை ஏறக்கூடும்.

ஊசி சில நிமிட வேலை. கூலிக்காரருக்குக் கட்டுப்படியாகாதது அதன்பின் வரும் ஓய்வுதான். ஆனால் அறுந்த நாண் கேட்கும் விடுப்பு அதைவிட நீளம்.