பட்டறைப் பக்கம்: லோரிக்கு ஓயாத தாகமா?

சிகாமட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் பழைய கனரக லோரி ஒன்றைச் சொந்தமாக வைத்துச் செம்பனைக் குலை ஏற்றுகிறார். சில வாரங்களுக்கு முன் வழியில் இஞ்சின் கொதித்துவிட்டதாம். பட்டறையில், "நம் நாட்டு வெயிலுக்கு இது எதற்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகும் மேடு ஏறினால் முள் சிவப்பைத் தொடுகிறது. டீசலும் கூடுதலாகச் செலவாகிறது. "தினமும் இரண்டு டின் தண்ணீரோடு புறப்படுகிறார். ஒரு நாள் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டு வந்தார். லோரியை விற்றுவிடலாமா?" என்று கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம், சகோதரி. உங்கள் கவலை நியாயமானதுதான். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்டாலும், அது சிகாமட்டைத் தொடாமல் தங்காக், யோங் பெங் பக்கமாகப் போகிறது. நம் லோரிகளுக்கு இன்றும் லாபிஸ், கெமாஸ், மூவார், குவாந்தான் சாலைகளே கதி. பாரத்தோடு வழியில் நின்றால் இழுத்துப் போகும் செலவு ஒரு பக்கம். வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலை சேராவிட்டால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்குவது மறுபக்கம்.

முதலில் அந்தத் தெர்மோஸ்டாட். அது ஒரு சிறு கதவு. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். நீர் ஏறத்தாழ 80 டிகிரி சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். வெளியே வெயில் 34 டிகிரி அடித்தாலும் டீசல் இஞ்சினுக்கு அது குளிர்தான். கதவு இல்லையென்றால் வெறும் லோரி சமதரையில் ஓடும்போது இஞ்சின் தேவையான சூட்டை எட்டாது. எரிபொருள் சரியாக எரியாமல் வீணாகும், உள்பாகங்களும் தேயும். அதோடு, பல கனரக இஞ்சின்களில் இந்தக் கதவு திறக்கும்போதே பக்கவழி ஒன்றை மூடுகிறது. கதவு போனால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இஞ்சினுக்குத் திரும்பிவிடும். சமதரையில் குளிர்ச்சி, மேட்டில் கொதிப்பு! உங்கள் இரண்டு புகாருக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

கழற்றிய பழையது கையில் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்தில் நீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். அதன் மேல் பொறித்துள்ள சூட்டில் திறக்கத் தொடங்கி, கொதிக்குமுன் நன்றாக விரிய வேண்டும். அசையாவிட்டால் புதியது வாங்குங்கள்; அதே எண்ணுள்ளதாக இருக்கட்டும்.

ஆனால் முதலில் கொதித்ததற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். மலிவான பாகத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதே சிக்கனம்.

மூடி: திறந்த நீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.5 பார் மூடி அழுத்திப் பிடித்தால் ஏறத்தாழ 111 டிகிரி வரை தாங்கும். ரப்பர் வெடித்த மூடி அந்தப் பாதுகாப்பைத் தராது. மாற்றும்போது அதே அளவுள்ள மூடியைத்தான் போட வேண்டும். கூடுதல் அழுத்தம் உள்ளதைப் போட்டால் பழைய ஹோஸும் ஈயப் பற்றும் பிய்ந்துவிடும்.

ஹோஸ்: இஞ்சின் குளிர்ந்தபின் கையால் பிசைந்து பாருங்கள். கொழகொழவென்றோ நொறுநொறுவென்றோ இருந்தால் மாற்றுங்கள். கீழ் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். தளர்ந்தால் ஓட்டத்தில் சப்பிப்போய் நீரைத் தடுக்கும்.

பெல்ட்: பெரும்பாலான லோரிகளில் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்குவது சரி. இரட்டை பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வாட்டர் பம்ப்: அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே ஒழுக்கு இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். சிலர் துளையை அடைத்துவிடுகிறார்கள். அப்போது நீர் பேரிங்கில் இறங்கும்.

ரேடியேட்டர்: 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் சிகாமட் பட்ட வெள்ளம் நினைவிருக்கும். வெள்ளத்தில் ஓடிய லோரியின் தகடுகளுக்கிடையே சேறு காய்ந்து, தூசியும் செம்பனை நாரும் சேர்ந்து காற்றை அடைத்துவிடும். விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாக மெல்லிய நீரில் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடியும். உள்ளே உப்புப் படிந்திருந்தால், பழைய செம்பு ரேடியேட்டரின் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் குளிர்ந்த இஞ்சினை எடுத்தவுடன் ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, அந்த டின் தண்ணீர். சாலையோரக் கால்வாய் நீரை ஊற்றுவது சேற்றையும் துருவையும் ஊற்றுவதற்குச் சமம். நம் நாட்டில் நீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்பார்கள். கனரக இஞ்சினின் சிலிண்டர் லைனர் ஓட்டத்தில் அதிரும்போது அதைச் சுற்றிக் குமிழிகள் தோன்றி வெடித்து, நாளடைவில் இரும்பையே துளைத்துவிடும். கனரக டீசலுக்கென்று விற்கும் கூலண்ட்டில் உள்ள மருந்து அதைத் தடுக்கிறது. அதைச் சுத்த நீரோடு, தயாரிப்பாளர் சொன்ன அளவில் கலந்து, சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். ஒரு வகையோடு இன்னொரு வகையைக் கலக்கக் கூடாது. தாய்மார்களுக்கு ஒரு சொல்: கூலண்ட் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

முடிவாகக் கை சுட்ட விஷயம். முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். மேல் ஹோஸைத் தொட்டுச் சூடு தணிந்ததை உறுதி செய்தபின், தடித்த துணியோடு முதல் சுற்றில் ஆவியை விட்டு, பிறகே மூடியைத் திறக்க வேண்டும். கொதித்த இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். கை சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் காட்டுங்கள். பற்பசையோ கிச்சாப்போ தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதானால் மருத்துவரிடம் போங்கள்.

சகோதரி, லோரியை விற்குமுன் தெர்மோஸ்டாட்டும் மூடியும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பலன் என்னவென்று ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த இதழில்: பிரேக்கில் காற்று இறங்கினால்...