முடி கொட்டினால் போர் தண்ணி மேல் பழி போடலாமா?

ஓட்டப்பிடாரம் பக்கம் இருபது வயசுப் பையனுக்கு நெற்றி ஏற ஆரம்பித்தால் முதல் பழி போர் தண்ணிக்குத்தான். உப்புத் தண்ணி முடியை முரடாக்கும், வழுக்கை ஆக்காது. பரம்பரையும், வேர்க்கால்களைச் சுருக்கும் டிஹெச்டி ஹார்மோனும்தான் காரணம். தாய்மாமா தலையை மட்டும் பார்த்தால் போதாது, அப்பா வழியும் சேரும்.

விதவிதமா எண்ணெய் தேய்ச்சுப் பார்ப்பதிலேயே ரெண்டு வருஷம் ஓடிவிடுகிறது. அதுதான் நஷ்டம். டாக்டர் சீட்டோடு எடுக்கும் மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு எல்லாம் இருக்கிற முடியைக் காப்பாற்றத்தான் அதிகம் உதவும். பலன் தெரிய ஆறு மாசம்கூட ஆகலாம். நிறுத்தினால் பழைய கதை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் டாக்டர்கள் இருக்காங்க.

அழகு நிலையத்தில் 'முடி நடுறோம்' என்றால் உஷார். 2016-ல் சென்னையில் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார். பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்யணும் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது.