பீகாரின் பெண் வாக்கு: விழுக்காடு மறைக்கும் பெயர்கள்

2025 நவம்பரில் நடந்த பீகார் சட்டமன்றத் தேர்தலில் பெண்களுள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினரும் ஆண்களுள் 63 விழுக்காட்டினரும் வாக்களித்தனர். 1962 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் ஆண்கள் 16 புள்ளிகளுக்கு மேல் முந்தியிருந்தனர். 2019இல்தான் பெண்கள் முதன்முறையாக, அதுவும் மயிரிழையில், அவர்களைக் கடந்தனர். அந்தப் பின்னணியில் பீகார் முடிவு 'பெண் எழுச்சி' எனக் கொண்டாடப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் விழுக்காடு பட்டியலில் உள்ள பெயர்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்குப் பிந்தைய பீகார் பட்டியலில் ஆண்கள் சுமார் 3.92 கோடி, பெண்கள் சுமார் 3.50 கோடி. அதாவது 1000 ஆண்களுக்கு 900 பெண்கள்கூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ அந்த விகிதம் 918. பட்டியலிலேயே இடம்பெறாத பெண், வாக்களிக்காதவர் கணக்கிலும் வருவதில்லை. சூரத்திலும் திருப்பூரிலும் உழைக்கும் ஆணின் பெயரோ ஊர்ப் பட்டியலில் நீடித்தால், அவர் வாக்களிக்காதவராகிறார். இடைவெளி இருபுறமும் விரிகிறது.

எனினும் இதை முற்றிலும் கணக்கின் மாயம் என்று தள்ளிவிட முடியாது. பட்டியலில் குறைவாக இருந்தும், வாக்களித்த பெண்களின் எண்ணிக்கையே ஆண்களைவிடச் சில இலட்சம் கூடுதல்.

அவர்களுள் தலித் பெண்கள் எத்தனை பேர்? தேர்தல் ஆணையம் பாலினவாரியாக விவரம் தருகிறது, சாதிவாரியாகத் தருவதில்லை. 2023 சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் பீகாரில் 19.65 விழுக்காடு. ஆலை வேலைக்கு ஆண் தனியே செல்கிறார். செங்கற்சூளைக்கோ குடும்பமே பெயர்கிறது. சூளைப் பருவம் மழை ஓய்ந்தபின் தொடங்குவது. வாக்குப்பதிவு நடந்த நாட்கள் நவம்பர் 6, 11. படைவீரருக்கு அஞ்சல் வாக்கு உண்டு, சூளைத் தொழிலாளிக்கு இல்லை.

ஆவணக் கேள்வியும் பழையதே. முதல் பொதுத்தேர்தலில் தம் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி' என்று பதிந்த சுமார் 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. 2025இல் கேட்கப்பட்டவை பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் நிலப் பட்டாவும் போன்றவை. ஆதார்கூட உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே ஏற்கப்பட்டது. பள்ளி செல்லாத, நிலமற்ற, வேற்றூரிலிருந்து மணமாகி வந்த பெண்ணிடம் இவற்றுள் எது இருக்கும்?

சேரி தனியே ஒதுக்கப்பட்டிருக்கும் ஊர்களில் வாக்குச்சாவடிப் பட்டியலைக் கையில் எடுத்து வீடு வீடாக ஒப்பிட்டால், விடுபட்ட பெண்களின் பெயர்கள் கிடைத்துவிடும். மாணவர் குழு ஒன்று ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடிய வேலை இது. அடுத்த திருத்தத்திற்கு முன்பே தொடங்கலாம்.