ரோடு தின்னும் கொழு

கடந்த பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்காபரோவில் நாங்கள் வழமையாகப் போகும் கோயிலின் வாகனத் தரிப்பிடத்தில் அக்கா விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். முதல்நாள் இரவு ஸ்நோ கொட்டியிருந்தது. விடியமுன் வந்து தள்ளியும் இருந்தார்கள். தூரத்தில் நின்று பார்க்கத் தரை துப்புரவாகத்தான் தெரிந்தது. கிட்டப் போனால் பல் விழுந்த சீப்பால் வாரிய தலைபோல நீளநீளமாகக் கோடுகள். வழிக்கப்படாமல் தப்பிய அந்த மெல்லிய பனிக்கோடுகள் மேல் கார்கள் ஏறி அமுக்கி, மத்தியான வெயிலில் கொஞ்சம் உருகி, பின்னேரம் மறுபடி இறுகிக் கண்ணாடியாகியிருந்தன. அக்காவின் சப்பாத்து அப்படியொரு கோட்டில் பட்டது.

மூன்றாம் நாள் அந்தத் தரிப்பிடத்தில் ஸ்நோ தள்ளுகிற தம்பி வீட்டுக்கு வந்தான். எங்கள் ஊர்ப் பிள்ளை. பத்து வருடமாகக் குளிர்காலத்தில் ட்ரக் ஓட்டுகிறான். கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடியே இருந்தான். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

“அக்கா, அந்தக் கோடு என்ரை பிளேட்டாலை வந்தது. தேஞ்சுபோச்செண்டு எனக்குத் தெரியும். மாத்தித் தாங்கோ எண்டு முதலாளியிட்டை ரெண்டு கிழமையாக் கேட்டுக்கொண்டிருந்தனான்.”

அக்கா அவனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இருபத்தைந்து குளிர்காலமாக விடியப்புறம் நாலு மணிக்கு அந்த உரசல் சத்தத்தைக் கேட்டபடி புரண்டு படுத்திருக்கிறேன். உரசுவது எது, என்ன இரும்பு, எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு தரம்கூட யோசித்ததில்லை. அடுத்த ஞாயிறு தம்பியோடு ட்ரக்குகள் நிற்கும் வளவுக்குப் போனேன்.

வண்டியின் முன்னால் வளைந்து நிற்கும் பெரிய தகட்டைத்தான் நாமெல்லோரும் பிளேட் என்று நினைத்திருக்கிறோம். ரோட்டைத் தொடுவது அதுவல்ல. அதன் அடிவிளிம்பில் போல்ட் போட்டு முடுக்கிய தட்டையான உருக்குப் பட்டை ஒன்று இருக்கிறது. ஆறு அல்லது எட்டு அங்குல உயரம். பெரிய வண்டிகளில் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை தடிப்பு. மரக்கலப்பைக்குக் கொழு எதுவோ, இந்த வண்டிக்கு இந்தப் பட்டை அது. கலப்பையின் உடல் தேயாமல் இருக்க, தேயவென்றே மாட்டிய இரும்பு. கொழு மழுங்கினால் அப்பா அதைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தட்டுவித்துக்கொண்டு வருவார். அது வரும்வரை மாடுகள் நிழலில் நிற்கும். மொட்டைக் கொழுவோடு வயலில் இறங்க அவருக்கு மனம் வராது.

தம்பி காட்டிய கொழு புதிதாக வந்தபோது ஆறு அங்குலம். அன்று நான் அளவுநாடா பிடித்துப் பார்த்தபோது நடுவில் இரண்டரை, கரையோர மூலையில் ஒன்றரை. அந்த மூலையில் போல்ட்டின் தலையே பாதி தேய்ந்துவிட்டிருந்தது. இன்னும் சில இரவுகள் ஓடியிருந்தால் மேலேயுள்ள பெரிய தகடு ரோட்டில் உரசத் தொடங்கியிருக்கும். அதை மாற்றுவது பட்டை மாற்றுவதுபோலச் சின்னச் செலவல்ல. தேய்ந்த விளிம்பு மட்டும் வெள்ளி போலப் பளபளத்தது. உழுத கொழுவும் அப்படித்தான் மின்னும்.

“ஸ்நோ பஞ்சு மாதிரி இருக்கு. அது எப்பிடியடா தம்பி இரும்பை இப்பிடித் தேய்க்கும்?”

“ஸ்நோ ஒண்டும் செய்யாது அண்ணை. ஸ்நோ இல்லாத இடந்தான் பிளேட்டைத் தின்னுறது.”

அந்த ஒரு பதிலில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. ஒரு அடி ஸ்நோவை விட ஒரு அங்குல ஸ்நோ கொழுவுக்குப் பொல்லாதது. தடித்த பனி கொழுவுக்கும் தாருக்கும் நடுவில் மெத்தையாகக் கிடக்கும். மெல்லிய பனியில் அந்த மெத்தை இல்லை. உருக்கு நேரே கல்லில் உரசுகிறது. 1999 ஜனவரியில் இரண்டு கிழமைக்குள் ஒரு மீற்றருக்கும் மேலாகக் கொட்டி, அன்றைய மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்ட கதையை ரொறன்ரோவில் இன்றும் சொல்வார்கள். அப்படிப்பட்ட பெருமழைபோன்ற பனியை ஊர் நினைவு வைத்திருக்கிறது. கொழுவைத் தின்பதோ யாருக்கும் நினைவில்லாத சாதாரண இரவுகள்: இரண்டு சென்டிமீற்றர் விழுந்து, அதையும் காற்று அள்ளிக்கொண்டுபோய், பாதி ரோடு வெறும் தாராகத் தெரிகிற இரவுகள்.

அந்தத் தார் சும்மா தார் அல்ல. பெருஞ்சாலைகளின் மேற்படைக்கு, சக்கரம் வழுக்காமல் இருக்கவேண்டும் என்று தேடித்தான் கடினமான கல்லைப் போடுகிறார்கள். எங்கள் உயிரைக் காக்கிற அதே சொரசொரப்பு, கொழுவுக்கு அரம். குளிர் மிகுந்து உப்பு வேலை செய்யாத நாட்களில் பிடிமானத்துக்கு மணல் தூவுவார்கள்; மணலில் இருப்பது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரண உருக்கு அதற்குக் கீழே நிற்கிறது. கீழே நிற்பதை மேலே நிற்பது கீறும். ஒவ்வொரு மணலும் ஒரு சின்ன உளி என்றால், ஒரு இரவில் எத்தனை கோடி உளி!

இதற்குமேல் வேகம். வேகம் கூடக்கூட உரசலின் சூடும் கூடும், தேய்வும் கூடும். இருட்டில் வண்டி போகும்போது அடியில் பொறி பறப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது கொழுவின் உடம்பு. கொழுவை அதன் பாரத்தோடு மிதக்கவிட்டு ஓட்டலாம். நீர்ம அழுத்தத்தால் கீழ்நோக்கி நெரித்தும் ஓட்டலாம். இறுகிய பனியை உரிக்க நெரித்தே ஆகவேண்டும். ஆனால் அவசரக்காரன் எல்லா இடத்திலும் நெரிப்பான். பிறகு மோதல்கள்: குழி மூடிகள், பாலத்தின் இணைப்புகள், உறைபனியில் வீங்கிக் கிளம்பிய தார், பனிக்கடியில் மறைந்த கரைக்கல். மோதினால் விளிம்பு மடங்கிக் கொடுத்து மீள்வதற்கு விசைச்சுருள் வைத்த வண்டிகள் உண்டு. அந்த அடி அப்படியும் கொழுவில் ஒரு தழும்பாவது வைக்கும். கடுங்குளிரில் உருக்கு நொறுங்கும் குணம் கொள்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோட்டின் நடு சற்று உயர்ந்தும் கரை தாழ்ந்தும் இருப்பதால் கொழு ஒருபோதும் ஒரே சீராகத் தேயாது. அக்காவின் கையை உடைத்த கோடுகள் இந்தச் சீரின்மையால் வந்தவை.

அப்படியானால் இருப்பதிலேயே கடினமான பொருளை வாங்கி மாட்டினால் போயிற்று என்று நானும் சொன்னேன். தம்பி வளவின் மூலையில் கிடந்த இன்னொரு கொழுவைப் புரட்டிக் காட்டினான். அதன் அடிவிளிம்பில் ஒரு அங்குல நீளத் துண்டுகள் பல் வரிசைபோலப் பதித்திருந்தன. டங்ஸ்டன் கார்பைட். சுவரில் துளை போடும் டிரில் பிட்டின் நுனியில் ஒட்டியிருப்பதும் இதுதான். 1920களில் ஜேர்மனியில், மின்குமிழின் டங்ஸ்டன் இழையை இழுக்கும் அச்சுக்கு விலைகூடிய வைரத்தின் இடத்தில் வேறொன்று தேடியபோது, கார்பைட் தூளைக் கோபால்ட் உலோகத்தோடு சேர்த்து அழுத்திச் சுட்டு எடுத்தார்கள். குருப் நிறுவனம் அதை ‘விடியா’ என்று விற்றது. ‘வைரம்போல’ என்ற ஜேர்மன் சொற்களின் சுருக்கம் அது. மோஸ் அளவில் கார்பைட் சுமார் 9இல் நிற்கும். குவார்ட்ஸ் மணலால் அதைக் கீற முடியாது. நீண்ட நெடுஞ்சாலைகளில் சாதாரண உருக்கைப் போலப் பல மடங்கு நாள் ஓடுகிறது.

ஆனால் தம்பி காட்டிய வரிசையில் நடுவில் நாலு பல் இல்லை. கடினமானது மடங்காது, அடி பலமாக விழுந்தால் வெடிக்கும், அல்லது பற்றவைத்த இடத்திலிருந்து கழன்று போகும். பல் போன இடத்தில் பின்னால் இருக்கும் மெல்லிரும்பு அகப்படும். அது விறுவிறு என்று தேய்ந்து பள்ளமாகும். அந்தப் பள்ளத்தின் அகலத்துக்கு ரோட்டில் பனி தப்பும். கோபால்ட்டைக் கூட்டினால் அடி தாங்கும், கடினம் குறையும். கடினத்தையும் தாங்கும் தன்மையையும் ஒரே பொருளில் முழுமையாகப் பெற முடியாமல் உலோக வேலைக்காரர்கள் காலங்காலமாகப் பாடுபடுகிறார்கள். அதனால்தான் கார்பைட் கொழுவின் முன்னால் அடி வாங்குவதற்கென்றே இன்னொரு உருக்குப் பட்டையைச் சேர்த்துப் பூட்டுகிறார்கள். பற்களைச் சின்னச் சின்னத் துண்டங்களாக்கி ரப்பருக்குள் பொதித்த கொழுக்களும் வந்துவிட்டன. ஒவ்வொரு துண்டமும் தன்பாட்டில் ரோட்டின் மேடுபள்ளத்தைத் தடவிக்கொண்டு போகும். அதிர்வும் சத்தமும் குறைவு. வாங்கும்போது விலை மிக அதிகம்.

கோயில் தரிப்பிடத்துக்கு எது பொருந்தும்? கார்பைட் அல்ல என்பது தம்பியின் துணிபு. ஒரு நிமிடத்துக்கு ஒரு கரைக்கல், வேகத்தடை, வடிகால் மூடி. அங்கே பல்லெல்லாம் ஒரு மாதத்தில் கொட்டிவிடும். அங்கு வேண்டியது தேய்வு தாங்கவென்று கடினப்படுத்திய உருக்கு. உலோகக் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சுமார் 400 என்று குறித்து விற்பார்கள். மெல்லிரும்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அதையும் மூன்றடி, நாலடித் துண்டுகளாக வாங்கினால் தேய்ந்த மூலையை மட்டும் மாற்றலாம். சிலவற்றைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டி மறுவிளிம்பையும் பாவிக்கலாம். அழகுக்கல் பதித்த முற்றத்துக்கும், தரையில் விளக்குப் பதித்த விமான ஓடுபாதைக்கும் ரப்பர் அல்லது பொலியூரித்தேன் நல்லது, கீறாது. ஆனால் இறுகிப்போன பனியை அது உரிக்காது. சரளைக்கல் ரோட்டில் எந்தக் கொழுவானாலும், சறுக்குக்கட்டை பூட்டிச் சற்று உயர்த்திப் பிடித்தால்தான் கல்லை அள்ளாமல் போகலாம்.

இவ்வளவும் தெரிந்த ஒருவன் ஏன் மொட்டைக் கொழுவோடு அன்றிரவு இறங்கினான்? அவனுடைய முதலாளியைத் திட்டித்தான் அந்த வளவுக்குப் போனேன். திரும்பும்போது கோயில் நிர்வாகக் கூட்டத்தில் நானும் இருந்தது நினைவுக்கு வந்தது. ஸ்நோ தள்ளும் வேலைக்கு மூன்று விலைகள் வந்திருந்தன. ஆகக் குறைந்ததற்குக் கை உயர்த்தினோம். என்ன கொழு பூட்டுவீர்கள், எப்போது மாற்றுவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்ராறியோ மாகாணம் பெருஞ்சாலைகளுக்கே இதைத்தான் செய்தது. 2015இல் மாகாணக் கணக்காய்வாளர் வெளியிட்ட அறிக்கை, 2009க்குப் பின் வந்த குளிர்காலப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் குறைந்த விலையே பெரிதாகப் பார்க்கப்பட்டதையும், போக்குவரத்து மிகுந்த சாலைகள் பனி நின்றபின் வெறும் தாராகத் தெரிய எடுத்த நேரம் இரண்டு மடங்குக்கும் மேலானதையும் எடுத்துச் சொன்னது. அது கொழுவைப் பற்றிய அறிக்கை அல்ல. ஆனால் குறைந்த விலைக்கு எடுத்தவன் எதில் மிச்சம் பிடிப்பான்? கண்ணுக்குத் தெரியாத அடிவிளிம்பில்தான்.

கொழுவின் விலையைக் கொழுவின் விலையாக மட்டும் பார்ப்பது பெருந்தவறு. மலிவான பட்டை பருவத்தின் நடுவில் தேயும். பூச்சியத்துக்குக் கீழே பதினைந்தில், உப்பால் துருப்பிடித்து இறுகிய போல்ட்டை வெட்டி எடுக்க ஒருவன் ஈரத்தரையில் கிடக்கவேண்டும். அந்த நேரம் வண்டி ஓடாது. ஓடாத வண்டிக்காகப் பொறுமையற்ற முதலாளி, இன்னும் ஒரு இரவு தாங்கும் என்பார். இவ்வளவையும் ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் விலைகூடிய கொழுதான் பெரும்பாலும் மலிவு. இந்தக் கணக்கைக் கார்த்திகையில் நடந்த நிர்வாகக் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்தோம்: என்ன உருக்கு என்று எழுதித் தரவேண்டும், மூன்று இடத்தில் அளந்து, எந்த இடத்திலாவது மூன்று அங்குலத்துக்குக் கீழே போனால் மாற்றவேண்டும். அதற்காக விலையைக் கூட்டியும் கொடுத்தோம்.

தம்பி இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வேலை முடிந்து போகிற வழியில் வீட்டில் வண்டியை நிறுத்துவான். அக்காவின் கை கூடிவிட்டது. குளிர் நாட்களில் மட்டும் கொஞ்சம் நோகும். தேத்தண்ணியை அவனுக்கு முன்னால் வைத்துவிட்டு அக்கா கேட்பார்:

“எவ்வளவு மிச்சம் இருக்கு?”

“மூலையிலை நாலரை அக்கா. நடுவிலை அஞ்சு.”