தண்ணிக்குப் பவுடர் பூசாதீங்க சாமிகளா!

செமஸ்டர் முடிந்து லீவு விட்டாச்சு. கேமராவோ கொஞ்சம் நல்ல போனோ வைத்திருக்கிற நம்ம பயபுள்ளைக பாதிப் பேர் மலையேறிவிட்டார்கள். போன அத்தனை பேரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே படத்தோடுதான் இறங்கி வருகிறார்கள். பாசி படிந்த பாறை, சுற்றிலும் பச்சை, நடுவில் பஞ்சு மிட்டாயைப் பிய்த்துப் போட்ட மாதிரி வெள்ளையாய் ஏதோ ஒன்று. அதுதான் ஆறாம். கேட்டால் "லாங் எக்ஸ்போஷர் மச்சி" என்கிறான்.

இந்தப் படங்களைக் கண்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. போன டிசம்பர் வரைக்கும் நானும் இதே கூட்டத்தில்தான் இருந்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் பின்னூட்டத்தில் வந்து மாட்டிவிடக் கூடாது பாருங்கள் :-)

தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம். பகல் வெளிச்சத்தில் சாதாரணமாகப் படம் எடுத்தால் ஷட்டர் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கோ, ஐந்நூறில் ஒரு பங்கோதான் திறந்திருக்கும். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி ஒரு என்.டி. ஃபில்டரை மாட்டி, ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்தால் பாறை அசையாமல் அப்படியே விழும். தண்ணீர் மட்டும் இழுபட்டு வெள்ளைப் படலமாகிவிடும். ஐபோன்காரர்களுக்கு இந்தக் கஷ்டம்கூடக் கிடையாது. லைவ் போட்டோ எடுத்து ஒரு தட்டு தட்டினால் போதும்.

நான் பத்தாவதோடு பிசிக்ஸைக் கைகழுவிய காமர்ஸ்காரன். இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்கே வருகிறது. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் 1/500 விநாடியில் 4 மில்லிமீட்டர் நகரும். 2 விநாடியில் 4 மீட்டர், அதாவது ஒரு ஆட்டோ நீளத்துக்கும் மேலே. அத்தனையையும் சேர்த்துப் பூசி மெழுகியதுதான் நாம் லைக் போடுகிற படம். இதில் கொடுமை என்னவென்றால், தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு மிருதுவாகப் படம் வரும். ஆளை அடித்துப் போடுகிற இடம்தான் அதில் பட்டுச் சேலை மாதிரி இருக்கும்!

எங்கள் பாடத்தில் இதற்கு விண்டோ டிரஸ்ஸிங் என்று பெயர். வருஷக் கடைசியில் பேலன்ஸ் ஷீட்டைச் சீவிச் சிங்காரித்து வைப்பது. எழுதியிருக்கிற எண் எதுவும் பொய்யாக இருக்காது. பார்க்கிறவன் மட்டும் ஏமாந்து போவான்.

சரி, மேட்டருக்கு வருவோம். மதுரைக்காரன் நான். வைகையில் தண்ணீர் ஓடினால் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் எங்களுடையது. அந்த வைகைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஆறுகளில் ஒன்று போடிக்கு மேலே இருக்கிற கொட்டக்குடி ஆறு. குரங்கணி என்றால் எல்லோருக்கும் 2018 மார்ச் 11 காட்டுத்தீயும் அதில் இறந்த 23 பேரும்தான் நினைவுக்கு வரும். பிறகு 2024-ல் தமிழக அரசு வழிகாட்டியோடு போகும்படி 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் இருந்தது. போன டிசம்பரில் அங்கேதான் போனோம்.

எங்களோடு வந்த வழிகாட்டி அண்ணன் அந்த மலைக்காரர். நான் ட்ரைபாடை விரிக்கிற நேரமெல்லாம் அவர் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, தெளிஞ்சு ஓடுற தண்ணி திடீர்னு கலங்குச்சுன்னா, சருகும் குச்சியுமா மெதந்து வந்துச்சுன்னா, எரைச்சல் மாறுச்சுன்னா, மேல மழைன்னு அர்த்தம். இங்க வெயிலடிச்சாலும் கரையேறிடணும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு ஃபில்டரைத் துடைத்தேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சருகு, குச்சி, நுரை, சுழி. அவர் கண் தேடிய அத்தனையையும்தான் 2 விநாடி ஷட்டர் துடைத்துப் போடுகிறது. மிதந்து போகிற சருகு படத்தில் விழவே விழாது. கலங்கல் மட்டும் லேசாக மிஞ்சும். அதையும் லைட்ரூமில் ஒரு இழுப்பு இழுத்து நீலமாக்கிவிடுவோம்.

அன்று இறங்கி வரும்போது குரங்கணிக்குக் கீழே, ரோட்டோரம் ஆற்றில் ஒரு படம் எடுத்தேன். பனி மூட்டத்துக்குள் பாறைகள் மிதக்கிற மாதிரி அமைந்துவிட்டது. வகுப்பு குரூப்பில் போட்டதும் ஒரே பாராட்டு மழை. இடம் எங்கே, எப்படிப் போவது என்று கேட்டவர்களுக்கெல்லாம், முந்தலில் போடிமெட்டு ரோட்டை விட்டுப் பிரிந்து வா என்பது முதல் படியாக வழி சொன்னேன். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து மூன்று பேர் பைக்கில் கிளம்பிப் போனார்கள். முந்தின ராத்திரி மேலே மழை. என் படத்தில் இருந்த அதே பாறையில் உட்கார்ந்து படம் எடுக்க ஒருத்தன் இறங்கினான். முழங்கால் அளவு தண்ணீர்தான். கால் வாரி, முப்பது அடி உருட்டிக்கொண்டு போய், வேரில் சிக்கி நின்றிருக்கிறான். தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அண்ணன் இறங்கி இழுத்துப் போட்டிருக்கிறார். காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஒம் போட்டோல தண்ணி சும்மா கெடந்துச்சேடா" என்றான். அவ்வளவுதான்.

"அவன் பார்த்து இறங்கியிருக்கணும்" என்று சிலர் சொன்னார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அவன் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பார்த்து வைத்திருந்த ஆறு நான் காட்டிய ஆறு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையனை அடித்துக்கொண்டு போனபோது, அந்த வீடியோவை நாம் எல்லோரும்தான் பார்த்தோம், ஃபார்வர்டும் செய்தோம். அதற்கப்புறமும் மலைத்தண்ணி என்றாலே நம் மண்டைக்குள் பால் ஓடுகிறது என்றால், யார் ஊற்றிய பால் அது?

"இது கலை, உனக்குப் புரியாது" என்று ஒரு சீனியர் கிளம்புவார், தெரியும். அண்ணே, 1872-ல் மைபிரிட்ஜ் யோசெமிட்டி அருவிகளைப் படம் எடுத்தபோதும் தண்ணீர் பஞ்சு மாதிரிதான் வந்தது. ஈரத் தகடு போட்ட கேமராவுக்கு அன்றைக்கு அத்தனை நேர வெளிச்சம் வேண்டியிருந்தது, அவருக்கு வேறு வழி இல்லை. 1878-ல் அதே மனுஷன் ஓடுகிற குதிரையையே நிறுத்திக் காட்டிவிட்டார். நாம் காசு கொடுத்து ஃபில்டர் வாங்கி 1872-க்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

எடுக்கவே கூடாது என்று 144 போட நான் யார். கம்பெனிக் கணக்குக்கு அடியில் நோட்ஸ் டு அக்கவுண்ட்ஸ் என்று ஒன்று போடுவார்கள் அல்லவா, அதுபோலப் படத்துக்கு அடியில் நாலு வார்த்தை போடுங்கள். ஷட்டர் எத்தனை விநாடி, எந்த மாசம், முந்தின நாள் மழையா, ஆழம் எவ்வளவு. முடிந்தால் அதே இடத்தில் 1/500-ல் இன்னொரு படம் எடுத்துப் பக்கத்திலேயே வையுங்கள். அழகு குறையும், லைக்கும் குறையும். என் பஞ்சு படத்துக்கு 212 லைக். அதே ஆறு நுங்கும் நுரையுமாகப் பாறையில் மோதுகிற படம் ஒன்றும் அன்றைக்கு எடுத்திருந்தேன். போன வாரம் போட்டேன். 9 லைக்.

ஒன்பதில் ஒன்று அவனுடையது. கட்டுப் போட்ட கை அது இல்லையாம், இடது கையாலேயே தட்டினானாம்.