திடலில் நிற்பவனைத் திட்டாதீர்கள்

அண்மையில் சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாண விருந்து. எதிரே ஐந்தாம் படிவம் படிக்கும் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பள்ளிக் காற்பந்து அணியில் நடு ஆட்டக்காரன். எஸ்.பி.எம். முடிந்ததும் இராணுவத்தில் பயிற்சி அதிகாரியாகச் சேர விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னான். கோச் சொல்லித்தான் அந்த எண்ணமே வந்ததாம். பக்கத்தில் இருந்த பெரியவர் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “அதெல்லாம் நமக்குக் கிடையாதுப்பா. நம்ம ஆளுங்கள எங்க எடுக்கிறான்? பந்த விட்டுட்டு ஒழுங்கா டியூஷனுக்குப் போ.” மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பையன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

பீடோங்கிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் இதே தீர்ப்பைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்கிறவர்களில் எத்தனை பேர் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஆள்சேர்ப்பு நேர்காணலுக்குப் போயிருக்கிறார்கள்? யாரோ சொன்னதை யாரோ கேட்டு, அதையே பிள்ளையின் தலையில் கட்டுகிறார்கள்.

அவர்களிடம் ஒரே ஒரு பெயரைச் சொல்கிறேன். ரியர் அட்மிரல் கே. தனபாலசிங்கம். கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் மாணவர். இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். 1967-இல் இந்நாட்டுக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 31. அதுவரை அந்த நாற்காலி வெளிநாட்டு அதிகாரிகளுடையதாக இருந்தது. அதில் முதலில் அமர்ந்த மலேசியர் ஒரு தமிழர். 1976 வரை அவர்தான் தளபதி. நமக்குக் கிடையாது என்கிறீர்களே, அப்படியென்றால் தனபாலசிங்கம் யார்?

“அது அந்தக் காலம்” என்பார்கள். சரி, அதற்கும் முந்திய காலத்துக்கே போவோம், அதுவும் நம் கெடாவுக்குள்ளேயே. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்றது. அந்தப் படையில் இருந்த கேப்டன் மோகன் சிங் அலோர் ஸ்டாரில் ஜப்பானியரோடு பேசியதிலிருந்துதான் இந்திய தேசிய இராணுவம் முளைத்தது. 1943-இல் நேதாஜி வந்தபோது மலாயாவின் தோட்டங்களிலிருந்து பால்மரம் சீவிய ஆண்களும் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பதினெட்டு வயது ஜானகி அந்தப் படையின் இரண்டாம் நிலைத் தலைமைக்கு உயர்ந்தார். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளிடம் போய், சீருடை நமக்குப் பொருந்தாது என்று சொல்ல வெட்கமாக இல்லையா?

2010 நவம்பரில், அன்றைய தற்காப்பு அமைச்சர் அகமட் சாஹிட் ஹமிடி, மலாய்க்காரர் அல்லாதார் படையில் குறைவாக இருப்பதற்கு நாட்டுப்பற்றுக் குறைவும் ஒரு காரணம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். நாம் கொதித்தோம். கொதித்தது நியாயம். ஆனால் வெளியே கொதித்துவிட்டு, வீட்டுக்குள் அதே கதவை நாமே சாத்துகிறோம். அமைச்சர் சொன்னது ஒரு நாள் பேச்சு. சாப்பாட்டு மேசையில் மாமாவும் சித்தப்பாவும் சொல்வது பிள்ளையின் காதில் தினமும் விழுகிறது. எது அதிகக் கேடு செய்யும்?

அடுத்தது பந்து. விளையாடினால் உருப்பட மாட்டான் என்பது இவர்களின் இன்னொரு வேதவாக்கு. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942-இல், பிரிட்டிஷ் இராணுவம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றியது. அதுவரை நேர்காணலில் பள்ளியின் பெயரையும் குடும்பத்தின் பெயரையும் பார்த்து ஆள் எடுத்தார்கள். பிறகு முன்பின் அறியாத சிலரை ஒன்றாக நிறுத்தி, தலைவன் யார் என்று சொல்லாமல், மரக்கட்டையும் கயிறும் கொடுத்து ஒரு தடையைத் தாண்டச் சொன்னார்கள். யார் குரல் கொடுக்கிறான், யார் அடுத்தவன் சொல்வதைக் கேட்கிறான், தடுமாறுகிறவனுக்கு யார் கை நீட்டுகிறான் என்று அதிகாரிகள் ஓரமாக நின்று குறித்துக்கொண்டார்கள். இந்திய இராணுவத்தின் அதிகாரித் தேர்வில் இந்தச் சோதனை இன்றும் இருக்கிறது.

இதைத்தானே அந்த நடு ஆட்டக்காரன் தொண்ணூறு நிமிடமும் செய்கிறான்? இரண்டு கோல் வாங்கிய பிறகு தற்காப்பு ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாயும்போது சமாதானம் செய்கிறான். மூச்சு வாங்குகிறவனைப் பின்னால் நிறுத்திவிட்டு அவன் இடத்துக்குத் தானே ஓடுகிறான். நடுவர் தப்பாக விசில் ஊதினாலும் வாயை மூடிக்கொண்டு ஆடுகிறான். எந்த டியூஷன் மையத்தில் இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

அந்தக் கோச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெடாவில் எனக்குத் தெரிந்த கோச்சுகள் பலரும் சம்பளம் இல்லாதவர்கள். கூலிம் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டு முடித்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் மாலையில் திடலுக்கு வருகிறார்கள். பந்து அவர்கள் காசு, தண்ணீர் அவர்கள் காசு. தாமதமாக வந்தால் திடலைச் சுற்றி ஓட விடுகிறார்கள். மதிப்பெண் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். அப்பா கேட்காத கேள்விகளை அவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைக்கு எதிர்காலம் என்று ஒன்று இருப்பதை முதலில் வாய்விட்டுச் சொல்கிறவர் பல வீடுகளில் இந்த மனிதர்தான். அவரையா “பிள்ளையைக் கெடுக்கிறான்” என்று ஏசுவது?

நம் வீடுகளில் எதிர்காலம் என்றால் ஒன்றே ஒன்று: டாக்டர். பீடோங் பக்கத்திலேயே எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, நல்லது. விருப்பமும் திறமையும் உள்ளவன் படிக்கட்டும். ஆனால் 2021 ஜூலை 26-ஆம் தேதி நாடெங்கும் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவமனை வாசலுக்கு வந்தது மறந்துவிட்டதா? நிரந்தர வேலைக்காக மருத்துவர்களே வீதியில் நின்ற நாட்டில், கடன் வாங்கியாவது டாக்டராக்கு என்கிறோம். பயிற்சிக் காலத்திலேயே படியும் கொடுத்து, படிப்பும் கொடுத்து, அதிகாரியாக்குகிற இடத்தைக் காட்டினால் முகத்தைச் சுளிக்கிறோம்.

நாம் தடுப்பது போதாதென்று, திடல்களும் போய்விட்டன. தோட்டம் துண்டாடப்பட்டபோது, செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது, லயத்துக்கு முன்னால் இருந்த திடலும் சேர்ந்து போனது. பட்டணத்துக்கு வந்த பையனுக்கு விளையாட இடமில்லை. அந்த வயதுப் பையனை ஐந்து மணிக்கு யார் கூப்பிடுகிறார்களோ அவர்களோடுதான் அவன் போவான். கூப்பிடுகிறவர் கோச்சாக இல்லாவிட்டால் குண்டர் கும்பல்காரன். பிறகு காவல் நிலைய வாசலில் நின்று அழுது என்ன பயன்?

2024 தீபாவளிக்கு ‘அமரன்’ படம் வந்தது, முகுந்த் வரதராஜனின் கதை. அவர் சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திலிருந்து 2006-இல் இராணுவ அதிகாரியானவர். 2014-இல் காஷ்மீரில் உயிர் நீத்தவர். படத்துக்கு வாய்விட்டு அழுதவர்களே தம் வீட்டுப் பையன் சீருடை கேட்டால் வாயை அடைக்கிறார்கள். தமிழன் அதிகாரியாக இருப்பது திரையில் பெருமை, வீட்டில் பைத்தியக்காரத்தனமா? மறுபடியும் கேட்கிறேன்: தனபாலசிங்கத்தின் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லியிருந்தால், அந்த 31 வயதுத் தளபதி நமக்குக் கிடைத்திருப்பாரா?

சுங்கை பீசியில் அரச இராணுவக் கல்லூரி நான்காம் படிவத்திலேயே மாணவர்களைச் சேர்க்கிறது. தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகமும் அங்கேதான். சிந்தோக்கில் வடமலேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பாலாபெஸ் என்ற பயிற்சி வழியாகச் சேமப்படை அதிகாரி ஆகலாம். அலோர் ஸ்டாரில் ஆகாயப் படை விமானிகள் பயிற்சி பெறுகிறார்கள். நம் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் இவை தெரியாதா? அரசியல்வாதி படம் போட்ட சுழற்கிண்ணத்துக்கும் மாலை மரியாதைக்கும் கொட்டுகிற பணத்தில், இந்த ஆண்டு ஒரு பேருந்து பிடியுங்கள். இறுதியாட்டத்துக்கு வந்த இரண்டு அணிப் பையன்களையும் அவர்கள் கோச்சுகளையும் ஏற்றி, சிந்தோக்குக்கும் அலோர் ஸ்டாருக்கும் அனுப்புங்கள். “நமக்குக் கிடையாது” என்று சொல்லும் பெரியவருக்கும் அதில் ஓர் இடம் போட்டு வையுங்கள்.