இரு நாட்டுக் குடியுரிமையும் ஒரு கொடியும்

இரண்டு நாட்டுக் குடியுரிமை உடைய ஆட்டக்காரனை நம்பலாமா என்னும் வினா கால்பந்தாட்ட உலகில் அவ்வப்போது தலைதூக்குவதுண்டு. 2011ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் அது புயலாகவே வீசிற்று. அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் அலுவலர் சிலர், பயிற்சிப் பள்ளிகளில் இரட்டைக் குடியுரிமைக்குரிய சிறுவர் தொகையை ஓர் அளவுக்குள் நிறுத்தலாமா என்று முந்தைய ஆண்டின் இறுதியில் கூடிப் பேசியமை வெளிப்பட்டது. தாங்கள் பயிற்றி வளர்த்த பிள்ளைகள் பின்னர் ஆப்பிரிக்க நாடுகளின் அணிகளுக்கு ஆடப் போய்விடுகின்றனர் என்பதே அவர்தம் குறை. பொறுப்பில் இருந்த இயக்குநர் ஒருவர் பணியினின்று நிறுத்தி வைக்கப்பட்டார், உசாவல் நடந்தது, புயல் ஓய்ந்தது. வினாவோ ஓயவில்லை.

பன்னிரண்டு அகவைச் சிறுவன் பந்தை எப்படி உதைக்கின்றான் என்று பாராமல், அவன் பாட்டன் எவ்வூரான் என்று பார்க்கும் நாடு, பிற்றைநாளில் அவனிடம் முழுப் பற்றையும் எதிர்பார்ப்பது எங்ஙனம்? அரைக் குடியுரிமை தந்துவிட்டு முழு நெஞ்சைக் கேட்பது எவ்வகை முறை? இதற்கு விடை வேண்டுவோர் பிரஞ்சுக் கால்பந்தின் வரலாற்றையே புரட்டிப் பார்க்கலாம். அங்கே இரசீது மெக்லூபி என்னும் முன்னணி ஆட்டக்காரர் நிற்கின்றார்.

அவர் 1936ஆம் ஆண்டு அல்சீரியாவின் செத்தீப் நகரில் பிறந்தவர். அல்சீரியா அன்று பிரான்சின் பிடியில் இருந்தது. அவர் பிறந்த இரண்டாண்டுக்குள், 1938இல், அரபுமொழி அந்நாட்டுக்கு அயன்மொழி என்று ஆட்சியாளர் ஆணையால் வகைப்படுத்தப்பட்டது. தாய் பேசும் மொழி பிறந்த மண்ணிலேயே அயன்மொழியாம்! 1945 மே 8ஆம் நாள், செருமானியரை வென்ற மகிழ்ச்சியில் ஐரோப்பா திளைத்திருக்கையில், செத்தீப் தெருவில் அல்சீரியக் கொடியோடு சென்ற ஊர்வலத்தின்மீது துப்பாக்கிகள் வெடித்தன. கலகம் மூண்டு ஐரோப்பியர் நூற்றுவரளவில் மாண்டனர். அதற்குப் பழியாகக் கொல்லப்பட்ட அல்சீரியர் ஆயிரத்துச் சொச்சம் என்றது பிரஞ்சு அரசு. 45,000 என்பர் அல்சீரியர். மெக்லூபிக்கு அப்போது எட்டு அகவை.

குடியுரிமை இல்லாமலா இருந்தது? இருந்தது, தாளில் இருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அல்சீரியருக்கும் பிரஞ்சுக் குடியுரிமை உண்டென்றது. அதே சட்டம் அல்சீரிய அவையின் 120 இடங்களை இரண்டு வாக்குக் குழாங்களுக்குச் சரிபாதியாகப் பிரித்தது. பெரும்பாலும் ஐரோப்பியரே அடங்கிய குழாத்துக்கு 60. அவரினும் பன்மடங்கு பெருகிய மண்ணின் மக்களுக்கும் 60. தராசு சமமாய்த்தான் இருந்தது, தட்டில் வைத்த தலைகளை எண்ணாதவரை.

இந்நிலையில்தான் அவ்விளைஞர் கடல் கடந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த சேன்-எத்தியென் நகரக் கழகத்திற் சேர்ந்தார். 1957இல் அக்கழகம் முதன்முறையாகப் பிரான்சின் வாகையர் பட்டம் வென்றது. அவர் பிரான்சு நாட்டணிக்கும் நான்கு முறை ஆடினார். 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி சுவீடனில் நடக்கவிருந்தது. அதற்கு இரண்டு திங்கள் முன்பு, ஏப்பிரலில், அல்சீரிய விடுதலை முன்னணியின் அழைப்பை ஏற்று, ஆட்டக்காரர் சிலர் மறைவாகப் பிரான்சை விட்டு நீங்கினர். அவர்களுள் மெக்லூபியும் ஒருவர். அகவை 21. அன்று அவர் பிரஞ்சுப் படைப்பணியிலும் இருந்தார் ஆதலின், அவர் நீங்கியது படையை விட்டோடிய கடுங்குற்றமாகவே கொள்ளப்படும். சுவிசு நாடும் இத்தாலியும் கடந்து தூனிசு நகரை அடைந்தார். அவ்வாண்டு உலகக் கோப்பையில் பிரான்சு மூன்றாமிடம் பெற்றது. பொந்தேன் என்பார் 13 இலக்குகள் அடித்துப் பெயர் பெற்றார். அப்புகழில் மெக்லூபிக்குப் பங்கில்லை.

அவர் பெற்றதோ, நாடே பிறவாத ஒரு நாட்டின் அணி. உலகக் கால்பந்துக் கூட்டிணையம் அதனை ஏற்கவில்லை; அதனோடு ஆடும் நாடுகளையும் ஒறுப்பதாக அச்சுறுத்தியது. ஆயினும் நான்காண்டுகளில் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினர். கிழக்கு ஐரோப்பா, அரபு நாடுகள், சீனம், வியத்துநாம் எனச் சென்ற இடந்தோறும் தம் கொடியை ஏற்றவும் தம் நாட்டுப்பண்ணை இசைக்கவும் வேண்டினர். பெல்கிரேடில் யுகோசுலாவியரை 6-1 என வென்றனர். துப்பாக்கியேந்திய மறவர் மலைகளில் செய்ததைப் பந்தேந்திய இவர் அரங்குகளில் செய்தனர் எனின் மிகையன்று.

1962 சூலையில் அல்சீரியா விடுதலை பெற்றது. இனித்தான் பலரும் வியக்கும் பகுதி. செனீவாவின் செர்வெத்துக் கழகத்திற் சிறிது காலம் ஆடியபின், அவ்வாண்டின் இறுதியில் மெக்லூபி மீண்டும் சேன்-எத்தியெனுக்கே வந்தார். போரில் மைந்தரை இழந்த பிரஞ்சுக் குடும்பங்களும் அவ்வரங்கில் அமர்ந்திருத்தல் கூடுமன்றோ? தொடக்கத்தில் அரங்கு வாளா இருந்ததாம். பந்து அவர் காலுக்கு வந்ததும் ஆரவாரம் எழுந்ததாம். 1964, 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் அக்கழகம் வாகையர் பட்டம் சூடிற்று. 1968 மே திங்களில் நடந்த பிரஞ்சுக் கோப்பையின் இறுதியாட்டத்தில் போர்தோ அணியை 2-1 என வீழ்த்திய இரண்டு இலக்குகளும் அவருடையவே. கோப்பையை அளித்த குடியரசுத் தலைவர் தெகோல், பிரான்சு என்பது நீங்களே என்னும் பொருள்பட அவரிடம் கூறினார் என்பர். பத்தாண்டுக்கு முன் இரண்டகன் எனப்பட்டவரிடம்!

சிலர் இதனைக் கொள்கைத் தளர்ச்சி என்பர். அது பிழை. அவர் பகைத்தது பிரஞ்சு மக்களை அன்று. தம் இனத்தின் கழுத்திற் கிடந்த நுகத்தை. நுகம் நீங்கியபின் கூலிக்கு ஆடுவது தொழில், அதில் இழுக்கில்லை. அல்சீரிய நாட்டணிக்கும் அவர் ஆடினார். 1982இல் உலகக் கோப்பையில் மேற்கு செருமனியை 2-1 என வென்று உலகைத் திகைக்க வைத்த அல்சீரிய அணியின் பயிற்றுநர் இருவருள் அவர் ஒருவர்.

இன்று நிலை வேறு. ஓரகவைக்குமேல் நாட்டணி மாறலாகாது என்றிருந்த விதியை நீக்குமாறு 2009இல் உலகக் கூட்டிணையத்தில் முன்மொழிந்து வென்றதே அல்சீரியாதான். 2014 உலகக் கோப்பைக்குச் சென்ற அல்சீரியர் 23 பேருள் 16 பேர் பிரான்சில் பிறந்தவர். 2019இல் ஆப்பிரிக்கக் கோப்பையை ஏந்திய தலைவர் இரியாத் மகுரேசும் பாரிசை அடுத்த சர்செல் நகரில் பிறந்தவரே. தந்தையின் நாட்டைத் தாமே தேர்ந்தார். பழிக்க என்ன இருக்கின்றது? ஆனால், பிரான்சு அழைக்குமா என்று காத்திருந்து, அழைப்பு வாராமற் போனபின் மூதாதையர் மண்ணை நினைவுகூர்வோரும் உளர். அவரை இகழவேண்டா, மெக்லூபியின் வரிசையில் நிறுத்தவும் வேண்டா. இவர்க்கு இழக்க ஒன்றுமில்லாதபோது பற்று வந்தது. அவர்க்கோ எல்லாம் கையிலிருந்தபோது வந்தது.

2024 நவம்பர் 8ஆம் நாள், 88ஆம் அகவையில், மெக்லூபி மறைந்தார். அல்சீரியா அழுதது. சேன்-எத்தியெனும் அழுதது.